கொச்சியைச் சுற்றிப் பார்க்கத் தனி கைடு வேண்டுமா? ஈரோட்டு நண்பருக்கு ஒரு பதில்

ஈரோட்டிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். வயதான அப்பா அம்மா, நீங்கள், மனைவி, பத்து வயதிலும் ஆறு வயதிலும் இரண்டு பிள்ளைகள், மொத்தம் ஆறு பேர். வெள்ளி ராத்திரி கிளம்பி, சனிக்கிழமை முழுக்கக் கொச்சியைப் பார்த்துவிட்டு, ஞாயிறு வீடு திரும்பத் திட்டம். ஒரு ஏஜென்சி ‘பிரைவேட் கைடட் டூர், எட்டு மணி நேரம், பன்னிரண்டு இடம்’ என்று பட்டியல் அனுப்பியிருக்கிறது. கைடுக்குக் கொடுக்கும் பணம் தண்டமா, யூடியூப் பார்த்துக்கொண்டு நாமே போனால் ஆகாதா என்று கேட்கிறீர்கள். கேள்வியை இரண்டாவது தடவை படித்தபோது நடுவில் ஒரு வரி கண்ணில் பட்டது: தெரியாத ஊரில் அப்பா அம்மாவை வைத்துக்கொண்டு அலையவும் கூடாது, ஏமாறவும் கூடாது. நீங்கள் கேட்க வந்தது இதுதான் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் சிங்காநல்லூர்க்காரன். சுற்றுலாவில் ஒரு டிப்ளமோ படித்துவிட்டு, 23 வருடமாகக் கோவை, திருப்பூர், பொள்ளாச்சி, கோபி பக்கத்துக் குடும்பங்களை வேனில் கூட்டிக்கொண்டு ஊர் சுற்றுவதே பிழைப்பு. கொச்சிக்கு வருடத்தில் பத்துத் தடவைக்குக் குறையாமல் போகிறேன். ஆனால் நான் கொச்சிக் கைடு கிடையாது. அங்கே இறங்கியதும் உள்ளூர்க் கைடு ஒருவரிடம் ஆட்களை ஒப்படைத்துவிட்டுக் கூட்டத்தின் கடைசியில் நடப்பவன். கைடு சொல்வதும் காதில் விழும், கேட்கிறவர்கள் முகமும் தெரியும். அந்த இடத்தில் நின்று பார்த்ததைத்தான் சொல்லப் போகிறேன். ஓட்டல், ஹவுஸ்போட் விஷயமெல்லாம் என்னைவிட விவரமானவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கைடு வேண்டும். ஆனால் எட்டு மணி நேரத்துக்கு வேண்டாம். அரை நாள், அதாவது நாலு மணி நேரம், ஃபோர்ட் கொச்சிக்கும் மட்டாஞ்சேரிக்கும் மட்டும் போதும். ஏன் என்றால், மாமல்லபுரத்துக்கு ஒரு விவரமும் தெரியாமல் போனாலும் கல்லைப் பார்த்தே அசந்துவிட்டு வரலாம். தஞ்சைப் பெரிய கோயிலும் அப்படித்தான். கொச்சியில் அண்ணாந்து பார்க்க எதுவுமே இல்லை. ஓடு வேய்ந்த பழைய கிடங்குகள், எளிமையான ஒரு சர்ச், வெளியிலிருந்து பார்த்தால் வீடு மாதிரி இருக்கும் ஓர் அரண்மனை, சின்னதாக ஒரு யூத ஆலயம். கதை தெரியாதவர்களுக்கு இரண்டு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். ‘இதுக்குத்தானா இத்தன தொலவு வந்தோம்?’ என்று வேனில் ஏறும்போது யாராவது ஒரு பெரியவர் கேட்பார். நான் அந்தக் கேள்வியை நிறையத் தடவை வாங்கியிருக்கிறேன். கைடு இருந்த நாட்களில் குறைவாக வாங்கியிருக்கிறேன். யூடியூபிலும் கதை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் உங்கள் அம்மாவுக்கு முழங்கால் வலி என்பதும், எந்தத் தெருவில் அந்த நேரத்துக்கு நிழல் விழும் என்பதும் யூடியூபுக்குத் தெரியாது.

இனி அந்தப் பன்னிரண்டு இடம். நீங்கள் அனுப்பிய பட்டியலில் சீன மீன்பிடி வலை, செயின்ட் பிரான்சிஸ் சர்ச், சான்டா குரூஸ் பசிலிக்கா, மட்டாஞ்சேரி அரண்மனை, யூத ஆலயம், ஜூ டவுன் என்னும் யூதர் தெரு, டோபி கானா என்னும் சலவைக்கூடம், ஸ்பைஸ் மார்க்கெட், மரைன் டிரைவ், போட்டிங், திருப்பூணித்துறை ஹில் பேலஸ், செராய் பீச் இருக்கின்றன. கொச்சியை ஒரே ஊர் என்று நினைத்தால் இது சரியாகத் தெரியும். உண்மையில் அது தண்ணீரால் பிரிந்து கிடக்கும் ஊர். ரயில் நிலையமும் கடைவீதியும் உள்ள எர்ணாகுளம் கிழக்குக் கரை. பழைய ஊரான ஃபோர்ட் கொச்சியும் மட்டாஞ்சேரியும் மேற்கே. நடுவில் வெலிங்டன் தீவு. அது இயற்கைத் தீவே இல்லை. ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் துறைமுகத்துக்காகக் காயலைத் தோண்டியபோது வந்த மண்ணைக் கொட்டி உண்டாக்கியது. செராய் கடற்கரை வடக்கே வைப்பின் தீவின் கோடியில் இருக்கிறது. ஹில் பேலஸ் அதற்கு எதிர்த்திசையில் தென்கிழக்கே. கொச்சியின் டிராஃபிக்கில் இரண்டையும் ஒரே நாளில் சேர்த்தால் உங்கள் பிள்ளைகள் பார்ப்பது முன்னால் போகும் பஸ்ஸின் பின்பக்கத்தைத்தான். பட்டியலின் முதல் ஏழும் பழைய ஊருக்குள்ளேயே அடுத்தடுத்து இருப்பவை. அவற்றுக்குத்தான் கைடு. ஜூ டவுன் தெருவே ஸ்பைஸ் மார்க்கெட்டும். ஒரே தெருவை இரண்டு பெயரில் எழுதிப் பத்தைப் பதினொன்றாக்குவது எங்கள் தொழிலின் பழைய வித்தை, நானும் செய்திருக்கிறேன்.

காலையில் எட்டுக்குள் சீன வலைக்கு வந்துவிடுங்கள். கொடுமுடிப் பக்கத்துப் பெரியவர் ஒருவரை அங்கே கூட்டிப்போன நாள் எனக்கு மறக்காது. கைடு, இது சீனாவிலிருந்து வந்த அதிசய வலை என்று ஆரம்பித்தார். பெரியவர் வலையைப் பார்க்கவில்லை. அண்ணாந்து மரத்தையும், பின்னால் கயிற்றில் வரிசையாகத் தொங்கும் கற்களையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவன் அந்த நீண்ட மரத்தின் மேல் நடந்து போக, வலை தண்ணீருக்குள் இறங்கியது. ‘ஏனுங்க, இது நம்ம ஏத்தந்தானுங்க! ஆத்தோரத்துல இப்பிடித்தான் ஆளு மேல நடந்து எறைப்போம். சாலுக்குப் பதிலா வலையக் கட்டியிருக்கறாங்க’ என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி. ஒரு பக்கம் பாரம், மறுபக்கம் எதிர்ப்பாரம், நடுவில் அச்சு. வலையைத் தூக்க நாலைந்து பேர் கயிற்றை இழுத்தால் போதும், மீதியைக் கல் பார்த்துக்கொள்ளும். உங்கள் அப்பாவுக்குக் கிணற்று இறைப்பு நினைவிருந்தால் கைடை ஐந்து நிமிடம் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு அவரைப் பேரப்பிள்ளைகளுக்கு விளக்கச் சொல்லுங்கள்.

அந்த வலை எப்போது வந்தது என்பதை வைத்து நான் கைடுகளை எடை போடுவேன். சீனத் தளபதி செங் ஹே 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கப்பல்களோடு இந்தக் கரைக்கு வந்தது உறுதியான வரலாறு. வலையும் அவரோடு வந்தது என்பது சொல்லிச் சொல்லி நிலைத்துப்போனது. போர்த்துக்கீசியர்கள் சீனக் கரையிலிருந்த தங்கள் மக்காவ் துறைமுகத்திலிருந்து கொண்டுவந்தார்கள் என்று சொல்கிறவர்களும் உண்டு; வலையின் பாகங்களுக்கு மீனவர்கள் வழங்கும் பெயர்களில் போர்த்துக்கீசிய வாடை அடிப்பதை அவர்கள் ஆதாரமாகக் காட்டுவார்கள். இரண்டில் எது என்று தீர்ப்பு ஆகவில்லை. ‘இப்படியும் சொல்கிறார்கள், அப்படியும் சொல்கிறார்கள்’ என்று ஒரு கைடு சொன்னால் அன்றைக்கு உங்களுக்கு நல்ல ஆள் கிடைத்திருக்கிறார். வருடம், மாதம், கப்பல் எண்ணிக்கை எல்லாம் ஒரே மூச்சில் அடுக்கினால், அடுத்த நாலு மணி நேரம் அவர் சொல்வதில் பாதியைக் கழித்துக்கொண்டு கேளுங்கள்.

செயின்ட் பிரான்சிஸ் சர்ச்சிலும் இதே சோதனைதான். 1503-இல் மரத்தால் கட்டப்பட்டு, 1516 வாக்கில் கல் கட்டிடமானது. வாஸ்கோடகாமா 1524 டிசம்பர் 24 அன்று கொச்சியில் இறந்து இங்கேதான் புதைக்கப்பட்டார். இதில் சந்தேகம் இல்லை. ஆனால் அவர் உடலின் எச்சத்தை 1539-இல் போர்த்துக்கல்லுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். அங்கே தரையில் கம்பி வேலி போட்டுக் காட்டும் கல், காலிக் குழியின் மேல் கிடக்கும் கல். இதைச் சொல்லாமல் ‘வாஸ்கோடகாமா சமாதி’ என்று மட்டும் சொல்லிப் போட்டோ எடுக்க வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்தச் சர்ச்சில் பிடித்தது வேறு. கூரையிலிருந்து தொங்கும் துணி விசிறிகள். கயிறு சுவர் வழியாக வெளியே போகும். வெளியே வெயிலில் ஒரு ஆள் உட்கார்ந்து இழுக்க, உள்ளே இருப்பவர்களுக்குக் காற்று வரும். அதே கட்டிடம் போர்த்துக்கீசியர் கையில் கத்தோலிக்கக் கோயிலாக இருந்து, 1663-க்குப் பிறகு டச்சுக்காரர்களிடம் சீர்திருத்தச் சபையாகி, ஆங்கிலேயரிடம் ஆங்கிலிக்கன் ஆகி, இன்றைக்கு தென்னிந்தியத் திருச்சபையிடம் இருக்கிறது. சொந்தக்காரர் மாற மாற ஒரே வீட்டில் சாமி படம் மட்டும் மாறிய மாதிரி. சுவரில் போர்த்துக்கீசிய, டச்சுக் கல்லறைக் கற்களைச் சாத்தி வைத்திருப்பார்கள், அவற்றைக் கேட்டுப் பாருங்கள். பசிலிக்காவுக்குக் கால் மணி நேரம் போதும். பழையதை ஆங்கிலேயர்கள் இடித்துவிட்டார்கள், இப்போது இருப்பது 1905-இல் அர்ச்சிக்கப்பட்டது. அழகான கூரை ஓவியங்கள், அவ்வளவுதான்.

இப்போது கிழமைக்கு வருகிறேன். நீங்கள் போவதாக எழுதியிருக்கும் சனிக்கிழமை யூதர்களின் ஓய்வு நாள். ஆலயம் மூடியிருக்கும். ஏஜென்சி அதைப் பட்டியலில் போட்டிருக்கிறது, ‘வெளியிலிருந்து பார்க்கலாம்’ என்று அங்கே போனபிறகு சொல்வார்கள். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் திருப்பூரிலிருந்து 18 பேரை ஒரு சனிக்கிழமை கொண்டுபோய் அந்தக் கதவுக்கு முன்னால் நிறுத்தினேன். ஒரு பாட்டி, ‘தம்பி, நீ போன் பண்ணிக் கேட்கலையா கண்ணு?’ என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை. அதற்கடுத்த வருடமே வெள்ளிக்கிழமை போய் அரண்மனைக் கதவைப் பார்த்துவிட்டு வந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வாரவிடுமுறை வெள்ளி. ஆகவே பழைய ஊரைப் பார்க்க வெள்ளியும் சனியும் சரிப்படாத நாட்கள். சனிக்கிழமை காலையில் கிளம்பி மத்தியானம் கொச்சி சேர்ந்து ஓய்வெடுங்கள், ஞாயிறு காலை கைடோடு சுற்றுங்கள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வண்டியைத் திருப்புங்கள். ஞாயிறு காலை சர்ச்சில் ஆராதனை நடக்கும். யூத ஆலயத்திலும் மதியம் இடைவேளைக்கு மூடுவார்கள். எதை முதலில், எதைக் கடைசியில் என்று அந்த வரிசையைக் கோர்ப்பதுதான் கைடின் வேலை, பாதிக் காசு அதற்குத்தான்.

அரண்மனையை எல்லோரும் டச்சு அரண்மனை என்பார்கள். கட்டியவர்கள் போர்த்துக்கீசியர்கள், 1555 வாக்கில், கொச்சி ராஜாவுக்குக் கொடுத்தது. டச்சுக்காரர்கள் பின்னால் பழுது பார்த்தார்கள், பெயர் அவர்களுக்குப் போய்விட்டது. வீடு கட்டியவனை விட்டுவிட்டு வெள்ளையடித்தவன் பெயரைச் சொல்வது போலத்தான். மரப்படி ஏறித்தான் மேல்தளம் போக வேண்டும், அம்மாவுக்கு அதை முன்னாலேயே சொல்லிவிடுங்கள். ஏறினால் வீண்போகாது. பள்ளியறைச் சுவர் முழுக்க ராமாயணம், தசரதன் வேள்வியில் தொடங்கிப் போகும். காவி, பச்சை, மஞ்சள் என்று இலைச்சாறும் மண்ணும் கலந்த மாதிரி அடர்ந்த நிறங்கள். இங்கே உங்கள் அம்மாவுக்குக் கைடே வேண்டாம், இது கைகேயி, இது ஜடாயு என்று அவரே சொல்லிக்கொண்டு போவார். உள்ளே போட்டோ எடுக்க விடமாட்டார்கள், அதனால் ஆட்கள் நின்று பார்ப்பார்கள். எனக்கு அந்த விதி பிடிக்கும்.

யூத ஆலயம் 1568-இல் கட்டியது. செருப்பைக் கழற்ற வேண்டும், அரைக்கால்சட்டை போட்டுக்கொண்டு போனால் விடமாட்டார்கள், பெரியவர்களுக்கு இது நம் கோயில் மாதிரியே என்று சொல்லிவிட்டால் போதும். தரையில் சீனாவிலிருந்து வந்த நீலமும் வெள்ளையுமான ஓடுகள், கையால் வரைந்தவை. ஒன்று போல ஒன்று இருக்காது என்று கைடு சொன்னதும் உங்கள் பிள்ளைகள் ஒரே மாதிரி இரண்டைக் கண்டுபிடிக்கக் குனிந்துவிடுவார்கள், கால் மணி நேரம் சத்தம் இருக்காது. ஆனால் நம் ஊர்க்காரர்கள் கேட்க வேண்டிய கதை செப்பேட்டுக் கதை. கி.பி. 1000 வாக்கில் பாஸ்கர ரவி என்ற சேர மன்னன், ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு 72 உரிமைகளைக் கொடுத்துச் செப்பேடு எழுதினான். பகல் விளக்கும், நடக்கும் வழியில் விரிக்கும் நடைபாவாடையும், பல்லக்கும் வைத்துக்கொள்ளும் உரிமைகள் அதில் உண்டு. எழுத்து வட்டெழுத்து. நம் கொங்குநாட்டுக் கோயில் கற்களிலும் இருக்கிற அதே எழுத்துத்தான். மலையாளம் தனி மொழியாகப் பிரிந்துகொண்டிருந்த காலம் அது, செப்பேட்டுச் சொற்களை நிறுத்திப் படித்தால் தமிழ் காதுக்குப் பாதி புரியும். பெரும்பாலான கைடுகள் இதை வெள்ளைக்காரர்களுக்குச் சொல்லும்போது தாண்டிப் போய்விடுவார்கள். நீங்களாகக் கேளுங்கள். அந்தத் தெருவில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். இன்று கடைப் பலகைகளில் பெயர் இருக்கிறது, வீடுகளில் ஆள் இல்லை.

இதைச் சொல்லும்போது இன்னொன்று. கொச்சி நமக்கு வெளியூர் இல்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கரைக்கும் நம் ஊருக்கும் இரண்டாயிரம் வருடமாகப் போக்குவரத்து இருக்கிறது. வெள்ளலூரிலும் கரூரிலும் கிடைத்த ரோமானியக் காசுகள் அந்த வழியாக வந்தவை என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. சென்னிமலைக்குப் பக்கத்தில், உங்கள் வீட்டிலிருந்து எட்டும் தூரத்தில், நொய்யல் கரைக் கொடுமணலில் மணிக்கல் செதுக்கிய பட்டறைகளைத் தோண்டி எடுத்தார்கள். காங்கேயம் பக்கத்துப் படியூரில் கிடைத்த பச்சைக் கல்லுக்கு அந்தக் காலத்தில் கடல்தாண்டி மதிப்பு. மறுமுனை முசிறி, யவனர் கப்பல் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பும் துறை என்று அகநானூறு சொல்லும் இடம். கொச்சிக்கு வடக்கே பறவூர் பக்கத்துப் பட்டணம் என்ற கிராமத்தில் 2007 முதல் தோண்டியபோது ரோமானிய மதுச்சாடித் துண்டுகளும் பாசிமணிகளும் கிடைத்தன. அதுதான் முசிறியா என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் சண்டை. அதேபோல, 1341-இல் பெரியாற்றில் வந்த ஒரே வெள்ளத்தில் முசிறி தூர்ந்து கொச்சித் துறைமுகம் பிறந்தது என்று எல்லாக் கைடும் சொல்வார்கள். ஆறு திசை மாறியதும் கொச்சி அதற்குப் பிறகு எழுந்ததும் சரி. எல்லாம் ஒரே ராத்திரியில் நடந்தது என்பதைக் கதையாக வைத்துக்கொள்ளுங்கள். வாளையாறு தாண்டி, பாலக்காட்டு வெளியில் இரண்டு பக்கமும் மலை விலகி நிற்கும் இடத்தில் வண்டியை ஐந்து நிமிடம் நிறுத்தி இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டுப் போனால், மட்டாஞ்சேரியின் மிளகு வாசம் அவர்களுக்கு வேறு மாதிரி அடிக்கும்.

டோபி கானாவையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடாதீர்கள். ஃபோர்ட் கொச்சியில் வேலி என்னும் இடத்தில் இருக்கிறது. அங்கே துவைப்பவர்கள் தமிழர்கள். டச்சுப் பட்டாளத்தின் துணி துவைக்கக் கூட்டி வரப்பட்ட குடும்பங்கள் என்பது அவர்களே தலைமுறையாகச் சொல்லி வரும் வரலாறு. கஞ்சி போட்ட வெள்ளைத் துணியை கிளிப் இல்லாமல் முறுக்கிய இரட்டைக் கயிற்றில் செருகிக் காய வைத்திருப்பார்கள். உங்கள் ஊரே துணி ஊர், அப்பாவுக்கு அங்கே பேச ஆள் கிடைப்பார். அது வேலை செய்யும் இடம், வேடிக்கைக் கூடம் இல்லை. கேட்டுவிட்டுப் போட்டோ எடுங்கள்.

ஏமாறுவது பற்றிக் கேட்டீர்கள். பெரிய ஏமாற்று எதுவும் அங்கே நடப்பதாக நான் பார்க்கவில்லை. சின்னது உண்டு, அது கமிஷன். சில ஆட்டோக்காரர்களும் சில கைடுகளும் உங்களை ஒரு பெரிய கைவினைக் கடைக்கோ மசாலாக் கடைக்கோ கொண்டுபோய் விடுவார்கள். நீங்கள் வாங்கினால் பங்கு, வாங்காமல் உள்ளே நுழைந்தாலே சில கடைகளில் கூப்பன். ஒருமுறை நான் ஏற்பாடு செய்த கைடே நாலு மணி நேரத்தில் ஒன்றேகால் மணி நேரத்தை ஒரு கடைக்குள் கழித்துவிட்டார், அவரை மறுபடி கூப்பிடவில்லை. அன்றைக்கு என்னோடு வந்த ஈரோட்டுக்காரர் ஒருவர் அந்தக் கடையில் இரண்டு கிலோ மஞ்சள்தூள் வாங்கினார். மஞ்சளுக்கு இந்தியா முழுவதும் உங்கள் ஊர் மண்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, அவர் மட்டாஞ்சேரியில் வாங்கி வாளையாறு தாண்டிக் கொண்டுவந்தார். வேனில் அவரை ஈரோடு வரைக்கும் கிண்டல் செய்யாமல் விடவில்லை. ஏலக்காயும் அப்படித்தான், பெரிய ஏலம் நடப்பது போடியில். மிளகு வேண்டுமானால் கால் கிலோ வாங்குங்கள், ஞாபகத்துக்காக. ‘கடைக்குப் போக வேண்டாம், போனால் பத்து நிமிடம்’ என்று காலையில் முதல் பேச்சாகச் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். நல்ல கைடு தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார்.

ஆளைப் பிடிப்பது எப்படி என்றால், மத்திய சுற்றுலா அமைச்சகமோ கேரளச் சுற்றுலாத் துறையோ கொடுத்த அடையாள அட்டை உள்ளவரைக் கேளுங்கள். கட்டணத்தை அரை நாள், முழு நாள், ஆள் எண்ணிக்கை என்று பிரித்துச் சொல்வார்கள். ஆறு பேருக்கு ஒரே கைடு, ஒரே கட்டணம். தலைக்கு இவ்வளவு என்று ஏஜென்சி பெருக்கினால் ஏன் என்று கேளுங்கள். முடிந்தால் முந்தின நாள் அந்தக் கைடோடே போனில் இரண்டு நிமிடம் பேசிவிடுங்கள். கொச்சியில் தமிழ் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை, ஆனால் சினிமாப் பார்த்துக் கற்ற தமிழில் பேரம் பேசலாம், நாலு மணி நேரம் கதை சொல்ல முடியாது. அப்பாவிடம் போனைக் கொடுங்கள். அவருக்குப் புரிந்தால் சரி. டிரைவரையே கைடு என்று ஏஜென்சி கணக்குக் காட்டும் வழக்கமும் உண்டு. டிரைவர் வண்டியை விட்டு இறங்கி உள்ளே வரமாட்டார், வரவும் முடியாது, பார்க்கிங்கில்தான் இருப்பார். அப்புறம் இங்கிருந்து மஞ்சள் போர்டு வண்டி எடுத்தால் கேரள பர்மிட், வரி, டோல், டிரைவர் பேட்டா எல்லாம் சொன்ன விலைக்குள் அடக்கமா என்று எழுத்தில் வாங்குங்கள். சொந்தக் கார் என்றால் அந்தத் தலைவலி இல்லை, குதிரான் சுரங்கம் திறந்ததிலிருந்து திருச்சூர் வரை சாலையும் பரவாயில்லை. என்னைக் கேட்டால் ரயில்தான். ஈரோட்டில் ஏறி எர்ணாகுளத்தில் இறங்கலாம். ஜங்ஷனா, டவுனா என்று டிக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டும் வேறு வேறு நிலையங்கள்.

எர்ணாகுளத்தில் தங்கினால் ஃபோர்ட் கொச்சிக்குக் காரில் பாலம் சுற்றிப் போக வேண்டாம். 2023 ஏப்ரலில் தொடங்கிய வாட்டர் மெட்ரோ, ஹைகோர்ட் நிறுத்தத்திலிருந்து ஃபோர்ட் கொச்சிக்குப் போகிறது. ஏசி படகு. மேடையும் படகும் ஒரே மட்டத்தில் இருக்கும், ஏறி இறங்க அப்பாவுக்குக் கைபிடிக்கக்கூடத் தேவையிருக்காது. உங்கள் பட்டியலில் உள்ள ‘போட்டிங்’குக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டாம், இதுவே போட்டிங்தான். விடுமுறை நாளில் வரிசை நீளும், ஞாயிறு காலை முதல் படகுகளில் ஒன்றைப் பிடிப்பது நல்லது. கைடை ஃபோர்ட் கொச்சி படகுத்துறையிலேயே நிற்கச் சொல்லிவிடுங்கள். அங்கிருந்து சர்ச் வரை நடக்கலாம், வழியெல்லாம் பெரிய தூங்குமூஞ்சி மரங்கள். மட்டாஞ்சேரிக்கு மட்டும் ஆட்டோ, உங்களுக்கு இரண்டு ஆட்டோ வேண்டியிருக்கும்.

மழையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் ஊரில் ஜூன், ஜூலையில் மேல்காற்று மட்டும் வீசும், மழை மலைக்கு அந்தப் பக்கமே நின்றுவிடும். அந்த அந்தப் பக்கம்தான் கொச்சி. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை போங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் பியெனாலே கலைக் கண்காட்சி அந்தச் சமயத்தில் இருந்தால் ஊர் கலகலப்பாக இருக்கும், ரூம் வாடகையும் ஏறியிருக்கும்.

சாப்பாட்டில் கஷ்டம் இல்லை. அம்மா சைவம் என்று எழுதியிருந்தீர்கள். மட்டாஞ்சேரியில் தலைமுறையாகக் குஜராத்திகள் இருக்கிறார்கள், அவர்கள் தெருவில் நல்ல சைவச் சாப்பாடு கிடைக்கும். மற்ற இடங்களில் தேங்காயெண்ணெய் வாசம் ஈரோட்டுக் கடலையெண்ணெய் நாக்குக்கு முதல் வேளை உறுத்தும். மேஜையில் இளஞ்சிவப்பாகத் தண்ணீர் வைப்பார்கள், அது பதிமுகம் என்ற மரத்தின் கட்டையைச் சீவிப் போட்டுக் காய்ச்சிய குடிநீர், ஜூஸ் இல்லை. சின்னவன் ஏமாந்துபோவான்.

பிள்ளைகள் கடலில் இறங்கக் கேட்பார்கள். ஃபோர்ட் கொச்சிக் கரையில் இறக்காதீர்கள். அது துறைமுகத்தின் வாய், நீரோட்டம் மோசம். ஆகாயத்தாமரையும் வந்து ஒதுங்கிக் கிடக்கும். குளிக்கச் செராய்தான் சரி. சனிக்கிழமை மத்தியானம் சீக்கிரம் சேர்ந்துவிட்டால் வெயில் தாழ அங்கே போய்வரலாம், அதற்குக் கைடு வேண்டாம். நேரம் இல்லையென்றால் செராயை விட்டுவிட்டு, சனி சாயங்காலம் ஃபோர்ட் கொச்சியில் கதகளி பார்க்கலாம். ஐந்து மணிக்கே போங்கள். ஆட்டத்தைவிட முகத்தில் பச்சை பூசி அரிசிமாவில் தாடைக்கட்டு ஒட்டும் ஒப்பனையைத்தான் பிள்ளைகள் கண்கொட்டாமல் பார்க்கும். ஆட்டம் பாதியில் சின்னவன் தூங்கிவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

ஞாயிறு கைடு விடைபெற்ற பிறகு, கிளம்பும் அவசரத்தில் நேராக வண்டிக்குப் போகாமல் சீன வலைக்குப் பக்கத்தில் கரையோரமாக ஒரு அரை மணி நேரம் உட்காருங்கள். கொச்சித் துறைமுகத்துக்கு வரும் கப்பல்கள் அந்த இடத்தில் கரையை ஒட்டித்தான் போகும். மாடி வீடு நகர்ந்து போவது போல இருக்கும். ஏஜென்சி அனுப்பிய பன்னிரண்டில் அது இல்லை.